கன்று முதலில், தாய் பிறகு

அந்த மான் என்னைப் பார்த்து நாய் மாதிரிக் குரைத்தது.

மான் குரைக்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. வேட்டை வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள், நான் அந்த நேரம் தேத்தண்ணி ஊற்றப் போயிருப்பேன். ஜேர்மனியில் நாங்கள் இருக்கிற ஹம் நகருக்கு வெளியே, வயலும் காடும் சந்திக்கிற ஒரு மூலையில், மரத்தால் கட்டிய பரணில் என் தோழி ரெனாட்டேயும் நானும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். குளிர்காலம் முடிந்து இலைகள் எல்லாம் வந்துவிட்ட நேரம். புல்லில் பனி ஈரம். காட்டோரத்திலிருந்து கொம்புள்ள ஆண்மான் ஒன்று வெளியே வந்து, இரண்டு வாய் மேய்ந்தது. பிறகு மூக்கைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பியது. அவ்வளவுதான். குரைத்துக்கொண்டே ஓடியது. காட்டுக்குள் போன பிறகும் நிறுத்தவில்லை. நாங்கள் வந்திருக்கிற செய்தியை அந்தப் பகுதிக்கே அறிவித்துவிட்டுத்தான் அடங்கியது.

ரெனாட்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் தோளில் மூக்கை வைத்து இழுத்து மணந்தாள்.

"கௌரி, நீ தேவாலயத்திலிருந்து நேராக இங்கே வந்தாயா?"

ரெனாட்டே கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். அவளுக்கு அந்த மணம் தெரியும். எனக்கும் அப்போதுதான் மணந்தது. சாம்பிராணி!

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவார் என் கணவர் குகன். தூபக்காலைக் கையில் ஏந்தி ஒவ்வொரு அறையாகப் போவார், குளியலறையைக்கூட விடமாட்டார். வேட்டைக்கென்று நான் புதிதாக வாங்கிய பச்சை ஜக்கெட் வாசலோரக் கொளுக்கியில் தொங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதற்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் பூசை நடந்திருக்கிறது. பிறகு அதை இரண்டு மாதம் பல்கனியில் காயப்போட்டு, பைன் மரக் கொப்புகளோடு பையில் கட்டி வைத்துத்தான் காட்டு வாசனைக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு தொலைபேசி

இது ஏன் இப்போது நினைவுக்கு வந்தது என்றால், போன கிழமை கெல்சென்கிர்ச்சனிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரை அவருடைய தாய் வாசிக்கிறாவாம். என் நம்பரை யாரிடமோ பிடித்துவிட்டார்.

"அக்கா, வேலையிடத்து ஆக்கள் என்னை ஒக்டோபரிலை சுவீடனுக்கு எல்க் வேட்டைக்குக் கூப்பிடுகினம். யாக்ட்ஷைன் போன வருசம் எடுத்திட்டன். ஆனா எல்க்கைப் படத்திலைதான் பாத்திருக்கிறன். என்ன கொண்டு போகோணும், என்ன பழகோணும்? நீங்கள் இதுக்கெண்டு பழகினனீங்களாம்."

யாக்ட்ஷைன் என்பது இங்கே வேட்டையாட அரசாங்கம் தருகிற அனுமதிப் பத்திரம். எல்க் என்பதற்கு, வன்னிக் காட்டில் மரை என்கிற பெரிய மானைக் கண்டவர்கள் அதையே மனதில் வைத்து, இன்னும் ஒரு முழம் உயர்த்தி, மூக்கைக் கொஞ்சம் இழுத்து நீட்டி, கொம்பை விரித்த கை மாதிரிப் பரப்பிக்கொள்ளுங்கள். ஜேர்மனியில் அது இல்லை என்றே சொல்லலாம். போலந்துப் பக்கமிருந்து எப்போதாவது ஒன்று வழிதவறி வந்தால் பத்திரிகையில் படம் போடுவார்கள். அதனால் இங்கே உள்ள வேட்டைக்காரர்கள் சுவீடனுக்குப் போகிறார்கள்.

தம்பிக்குப் போனில் சொன்னது பாதி. மீதியை இங்கே எழுதுகிறேன். பழகினது உண்மை. சுவீடனுக்குப் போனேனா என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும். இப்பவே சொன்னால் நீங்கள் சமையல் குறிப்புப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள்.

துவக்கும் நானும்

ரெனாட்டேயும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. பராமரிப்பு வேலை. அவளுக்குப் பரம்பரையாக வேட்டை, தகப்பன் விட்டுப்போன காட்டுப் பங்கு ஒன்றும் இருக்கிறது. நான் முதலில் அவளோடு போனது காட்டுப் புதர்களில் கறுப்புப் பெரிப் பழங்கள் பறிக்க. பிறகு பரணில் சும்மா உட்கார்ந்திருக்க. பிள்ளைகள் இருவரும் படிப்பென்று வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பரணில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான், அங்கே யாரும் மணி அடித்து என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

வேட்டை வகுப்பில் சேரப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது குகன் பேப்பரை மடித்து வைத்தார். அவர் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கை எட்டத்தில் வைத்தே கண்டுபிடிப்பார்.

"நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீர் இஞ்சை காசு குடுத்துத் துவக்குப் பழகப்போறீரோ?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடங்களில் புதுவருடப் பிறப்புக்கு இவர்கள் வாணம் விடும்போது நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே இருப்பேன். அப்படிப்பட்டவள் சுடும் திடலில் போய் நின்றேன். காதுக்கு மூடி போட்டுவிட்டார்கள். முதல் வெடி வைத்தேன். அழுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். அழவில்லை. பயங்கரமாகப் பசித்தது. வீட்டுக்கு வந்து அரைப் பாண் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகும் வாணத்துக்குப் பயம் போகவில்லை. ஆனால் குளியலறைக்குப் போவதில்லை. யன்னலைச் சாத்திவிட்டு வரவேற்பறையில் இருந்து பயப்படுகிறேன்.

சப்பாத்தும் சம்பலும்

தம்பி, முதலில் சப்பாத்து. புதிதாக வாங்கி அப்படியே பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகாதையும். நான் வாங்கிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கால்வாய்க் கரையால் கிழமைக்கணக்கில் நடந்தேன். கடைக்குப் போனேன், குப்பை கொட்டப் போனேன். கோயில் வாசல்வரை போட்டுப் போனதில், செருப்புகளுக்கு நடுவில் அது நின்ற கோலத்தைப் பார்த்துப் பொலிஸ் வந்திருக்கிறதோ என்று ஒரு பெரியவர் விசாரித்தார். ஆனால் கால் கொப்பளிக்கவில்லை. கம்பளி மேசு இரண்டு சோடி கூடுதலாக எடும். ஈரக் காலோடு ஒரு பகல் முழுக்க அசையாமல் இருக்க ஏலாது.

சாப்பாடு. இதில் நான் பட்டது போதும். இரண்டாம் முறை பரணுக்குப் போகும்போது பிட்டும் கட்டச்சம்பலும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்ததும் சம்பல் மணம் காற்றோடு வயல் தாண்டிப் போயிருக்கும். அன்று ஒரு முயல்கூட வரவில்லை. ரெனாட்டே வாயே திறக்கவில்லை என்று பார்த்தால் அவள் வாய் நிறையப் பிட்டு. முழுவதையும் அவளே முடித்தாள். "இனிமேல் இது வேட்டைக்குப் பிறகு," என்று மட்டும் சொன்னாள். நீர் பாணும் அவித்த முட்டையும் கொண்டு போம். தேத்தண்ணியைக் குறைவாகக் குடியும். ஏன் என்று உமக்கே அங்கே விளங்கும்.

அசையாமல் இருக்கப் பழகோணும். இது துவக்கை விடக் கஷ்டம். நாங்கள் மூக்கு கடித்தால் உடனே சொறிகிற ஆட்கள். நான் வீட்டில் சோபாவில் இருந்து பழகினேன். குகன் வந்து, "என்ன, சுகமில்லையோ?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

சுடுவதற்கு, இங்கே திரையரங்கு மாதிரி ஒரு இடம் இருக்கிறது. இருட்டில் பெரிய திரை. அதில் எல்க் ஓடும், நாங்கள் நின்று சுடவேண்டும், குண்டு பட்ட இடத்தைத் திரை காட்டும். முதல் நாள் நான் எல்க்கின் பின்னால் நின்ற ஒரு மரத்தை மூன்று தரம் கொன்றேன். எல்க்கின் கால் நீளம், முதுகில் ஒரு திமில் மாதிரி மேடு. கண் அந்த மேட்டுக்குத்தான் போகும். அங்கே சுடக்கூடாது. முன்னங்காலுக்குப் பின்னால், உடம்பின் கீழ்ப்பாதியில். பட்டாலும் அது உடனே விழாது, ஒன்றும் நடக்காத மாதிரிக் கொஞ்சத் தூரம் நடந்து போகும். தவறிவிட்டது என்று நினைத்துப் பரணிலிருந்து இறங்கி ஓடாதையும். கூப்பிடும்வரை உம்முடைய இடத்திலேயே இரும். சுற்றிலும் துவக்கோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்கப்படாது. வெட்கப்படாமல் செம்மஞ்சள் தொப்பியைப் போடும்.

இதெல்லாம் யாரும் சொல்லித் தரக்கூடிய விஷயங்கள். தம்பி கேட்காத ஒன்றும் இருக்கிறது.

ரெனாட்டே கேட்டது

கோடைக் கடைசியில் ஒருநாள் ரெனாட்டே வீட்டுக் குசினியில் பிளம்ஸ் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளுடைய குழுவில் அந்த வருடம் சுவீடனுக்கு ஒரு இடம் காலி. எனக்குத்தான் என்று பேச்சு. அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தாய் எல்க்கும் கன்றும் உன் முன்னால் வந்து நிற்கின்றன. எதைச் சுடுவாய்?"

வகுப்பில் படித்ததைச் சொன்னேன். "கன்றை."

"வாயால் சொல்வது சுகம்," என்றாள்.

இது அவர்களுடைய வழக்கம். எல்க்கில் மட்டுமில்லை, இங்கே மானிலும் அப்படித்தான். காட்டில் புதிதாக நடுகிற மரக்கன்றுகளை மான்கள் தின்னாமல் காப்பாற்ற வருடா வருடம் இத்தனை மான் குறையவேண்டும் என்று இருக்கிறது. அதில் தாயும் கன்றுமாக வந்தால், ஒருபோதும் தாயைச் சுட்டுவிட்டுக் கன்றை விடக்கூடாது. கன்று முதலில். தாய் பிறகு, அதுவும் விரும்பினால். தாயில்லாத கன்றை மற்றவை துரத்திவிடும், எங்கே மேய்வது எங்கே ஒதுங்குவது என்று அதற்குத் தெரியாது. பெரும்பாலும் குளிர்காலம் தாண்டாது.

"முந்தி எங்களோடு வந்த ஒரு ஆள், நல்ல பெரிய ஆள், தாயைச் சுட்டுவிட்டான்," என்றாள் ரெனாட்டே. "கன்று ரோட்டில் வந்து நின்றது. நாங்கள் போய்ப் பிடிப்பதற்குள் காணாமல் போய்விட்டது. அவன் பிறகு வரவேயில்லை. கௌரி, உன்னால் முடியாது என்றால் இப்பவே சொல். நான் கோபிக்கமாட்டேன், உன் இடத்துக்கு வேறு ஆள் இருக்கிறது. முடியும் என்றால் செப்டெம்பரில் இங்கே மானுக்கு வேட்டைத் தவணை திறக்கும். தாயும் கன்றுமாக வரும். எனக்குச் செய்து காட்டு. பிறகு சுவீடன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். குகன் கேட்டுவிட்டு ஒரே சொல்லில் முடித்தார்.

"உம்மாலை ஏலாது."

"ஏன் ஏலாது?"

"உம்மைப் பற்றி எனக்குத் தெரியாதே?"

அடுத்த சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் இந்தக் கதை எப்படியோ எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் மேசையில் ஒரு பெண் நெஞ்சில் கை வைத்தா. "ஐயோ, குட்டியையோ கௌரி அக்கா? தாயைச் சுட்டாலும் பரவாயில்லை. குட்டியைப் போய்... பாவமெல்லே!" அவவுடைய தட்டில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் குவிந்திருந்தது. நல்ல இளசு, வாயில் கரையுது என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் கூட. தாயைச் சுட்டாலும் பரவாயில்லையாம். தாய் போனபிறகு குட்டி என்ன செய்யும் என்று அந்த மேசையில் இருந்த எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு மாரி

இதை நான் இந்தத் தொடரில் எழுத நினைத்திருக்கவில்லை.

ஊரில் சண்டை நடந்த காலம், நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அப்பா அதற்கு முந்தியே இல்லை. அம்மா ஒரு மத்தியானம் தண்ணி அள்ளப் போனா. அந்த இடத்தில் பீரங்கிச் செல் விழுந்தது. எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும், என் தம்பி அதைவிடச் சின்னவன். மழை தொடங்கியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் இருந்த சனம் கெட்ட சனம் இல்லை. சாப்பாடு தந்தார்கள். ஒரு அம்மா தன் பிள்ளைகளுக்குச் சீப்பால் தலை இழுத்த கையோடு எனக்கும் இழுத்துவிடுவா. ஆனால் செல் வருகிறது என்று எல்லாரும் எழும்பி ஓடும்போது ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைகளை எண்ணும். எங்கள் இரண்டு பேரையும் எண்ண ஆள் இருக்கவில்லை. நான் தம்பியை எண்ணுவேன். ஒன்று. அவ்வளவுதான் எண்ணிக்கை.

அம்மாவை மண்ணில் வைத்ததைத் தம்பி பார்த்தவன். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவன். என்றாலும் தேடினான். படலையைத் திறந்து எந்தப் பெண் வந்தாலும் மழைக்குள் ஓடிப்போய் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். நனையாதே என்று அடித்தும் பார்த்தேன். நிறுத்தவில்லை. அந்த மாரி முழுக்க அப்படித்தான் தேடினான்.

பிறகு சின்னம்மா வந்தா, அம்மாவின் தங்கச்சி. எங்களைத் தேடி ஒவ்வொரு பள்ளிக்கூடமாகக் கேட்டுக்கொண்டு, வெள்ளத்துக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா. தம்பியை முன்னுக்கும் என்னைப் பின்னுக்கும் ஏற்றினா. அன்றைக்குப் பிறகு எங்களை எண்ண ஒரு ஆள் இருந்தா. அவதான் வளர்த்தா, அவதான் என்னை இந்த நாட்டுக்கு அனுப்பினா.

குகனுக்கு இது தெரியும். கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். ரெனாட்டேக்குச் சொன்னதில்லை.

அந்தக் காலை

செப்டெம்பரில், விடியும் நேரம். வயலில் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. என் ஜக்கெட்டில் பைன் மணம் மட்டும்தான். காற்று எங்கள் முகத்துக்கு அடித்தது, அதுதான் சரியான பக்கம்.

சூரியன் வந்து கொஞ்ச நேரத்தில் தாய் வெளியே வந்தது. நின்று பார்த்தது. பிறகு அதன் பின்னால் கன்று. உடம்பில் புள்ளிகள் மறைந்துவிட்ட பருவம், ஆனால் முகம் குழந்தை முகம்தான். மேய்வதும், தாய் எங்கே என்று தலை தூக்கிப் பார்ப்பதும், திரும்ப மேய்வதுமாக இருந்தது.

துவக்கை எடுத்துத் தோளில் வைத்தேன். தொலைநோக்கிக்குள் கன்று பெரிதாக வந்தது. காது ஒரு பூச்சிக்கு ஆடியது.

அப்போது எனக்கு வந்தது இரக்கமில்லை, ஆத்திரம். இந்தச் சட்டத்தின்படி பார்த்தால் அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? குளிர்காலம் தாண்டாதவர்கள் என்றா? நான் தாண்டினேனே. தம்பி தாண்டினானே. கனடாவில் வீடு வாங்கி, வயிறும் வைத்து, போனில் என்னோடு சண்டை பிடிக்கிறானே. விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த ரெனாட்டே அவசரப்படுத்தவில்லை.

கன்று இரண்டடி நகர்ந்து தாயின் வயிற்றோடு ஒட்டி நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆத்திரம் மெல்ல இறங்கியது. நாங்கள் தாண்டினது சின்னம்மா வந்தபடியால். அவ வராவிட்டால் தம்பி அந்த மழைக்குள் ஓடி ஓடியே காய்ச்சலில் போயிருப்பான், நான் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. மானுக்குச் சின்னம்மா இல்லை. ஒவ்வொரு காடாகக் கேட்டுக்கொண்டு வர அதற்கு ஆளில்லை.

இரண்டையும் விட்டுவிட்டு இறங்கி வந்திருக்கலாம். கெல்சென்கிர்ச்சன் தம்பி, நீர் அப்படி இறங்கி வந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன், ரெனாட்டேயும் சொல்லமாட்டாள். ஆனால் நான் அங்கே போனது சுட. சுடுகிறவள் என்றால் எதை முதலில் என்று அந்த நேரம் எனக்கு, வகுப்புச் சொல்லாமலே, தெரிந்திருந்தது.

கன்று தாயை விட்டு விலகும்வரை காத்திருந்தேன். வெடி வைத்தேன். நின்ற இடத்திலேயே விழுந்தது.

தாய் ஒரே பாய்ச்சலில் காட்டோரத்துக்குப் போய்விட்டது. பிறகு திரும்பி வந்தது. பாதித் தூரம் வந்து நின்று, மெல்லிய குரலில் கூப்பிட்டது.

"இப்போது தாய்," என்று ரெனாட்டே காதுக்குள் சொன்னாள். "விரும்பினால்."

துவக்கின் பூட்டைப் போட்டேன். "வேண்டாம்," என்றேன். அவள் தலையாட்டினாள். தாய் போகும்வரை இருவரும் அசையாமல் இருந்தோம். நெடுநேரம் இருந்தோம்.

கீழே இறங்கி நடந்தோம். ரெனாட்டே ஓக் மரத்தில் ஒரு சின்னக் கொப்பு முறித்துக் கன்றின் வாயில் வைத்தாள். அதற்குக் கடைசி வாய் கொடுக்கிற வழக்கம் அது. சுட்டவருக்கான இன்னொரு கொப்பை என் தொப்பியில் செருகிவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "உன் இடம் உனக்குத்தான்," என்றாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. குனிந்து கன்றின் காதைத் தடவினேன். சூடாக இருந்தது.

வாசலில்

வீட்டுக் கதவைத் தட்டியபோது காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கன்று ரெனாட்டேயின் குளிரறையில். என் கையில் ஒன்றுமில்லை, தொப்பியில் மட்டும் அந்தக் கொப்பு. குகன் கதவைத் திறந்தார். கொப்பைப் பார்த்தார்.

"அடிச்சனீரோ?"

"ஓம்."

"எது?"

"குட்டி."

கதவை அவர் அகலத் திறக்கவில்லை. "அப்ப உள்ளை வராதையும். கீழை கெல்லருக்குப் போம்," என்றார்.

எனக்கு உச்சி கொதித்தது. முப்பது வருடம் சமைத்துப்போட்ட வீட்டில் என்னை வாசலில் நிறுத்துகிறாரே என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். கெல்லரில், அதுதான் கட்டடத்தின் நிலவறையில், எல்லாரும் உடுப்புத் தோய்க்கிற அறை இருக்கிறது. அங்கே என் வாளியில் சுடுதண்ணீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் துவாய். மடித்து வைத்த மாற்று உடுப்பு. சவர்க்காரம்கூட புதிது.

எங்களில் செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலையில் தண்ணி வார்க்காமல் உள்ளே வருவதில்லை. அதைத்தான் செய்திருந்தார் மனுசன். எங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். உம்மாலை ஏலாது என்று சொன்னவர், நான் வர முந்தியே தண்ணியைக் காய்ச்சிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். தலையில் வார்த்துக்கொண்டே அழுதேன். கன்றுக்கா, அம்மாவுக்கா, யாருக்கு என்று பிரித்துப் பார்க்கவில்லை.

மேலே வந்தபோது தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். எதிரில் இருந்தார். பிரசங்கம் வரும் என்று காத்திருந்தேன்.

"தாய்?" என்றார்.

"விட்டிட்டன்."

"அது தேடுமே."

"ஓம். கொஞ்ச நாள் தேடும்."

கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "தாயைச் சுட்டிட்டுக் குட்டியை விட்டிருந்தால்?"

"குட்டி மாரி முழுக்கத் தேடும்."

குகன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு எழுந்து என் பின்னால் வந்து, துவாயை எடுத்து ஈரத் தலையைத் துவட்டிவிட்டார். எங்கள் பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறார், எனக்கு அதுவரை செய்ததில்லை.

"ஒக்டோபரிலை எண்டைக்குப் போறீர்?" என்று கேட்டார். "சொல்லும். ஸ்டேஷனுக்கு நான் கொண்டுவந்து விடுறன்."